சொல்லுக்கும் குலம் உண்டோ?

ஒட்டகத்திற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று ஓர் அரபு அறிஞரைக் கேட்டால், அவர் உடனே விடை கூறமாட்டார். எந்த ஒட்டகம் என்று நம்மைத் திருப்பிக் கேட்பார். ஆண் ஒட்டகமெனில் 'ஜமல்'. பெண் ஒட்டகமெனில் 'நாக்கா'. கூட்டத்தைக் குறித்தால் 'இபில்'. ஆணோ பெண்ணோ, ஒன்றைச் சுட்டினால் 'பஈர்'. தாயின் மடியை விட்டகலாத கன்று 'ஹுவார்'. பால்குடி மறந்த கன்று 'ஃபஸீல்'. இன்னும் வயதுக்கொரு பெயர், நடைக்கொரு பெயர், நிறத்துக்கொரு பெயர் என்று அடுக்கிக்கொண்டே போவார். வியப்பில்லை! பாலை மணலிலே அவருடைய முன்னோருக்கு ஊர்தியும் உணவும் ஒட்டகம். உடுக்கையும் கூடாரமும் அதன் மயிர். பொருளும் பொன்னும் அதுவே. வாழ்வு எங்கே அடர்ந்திருக்கிறதோ, அங்கே சொல்லும் அடர்ந்து வளர்கிறது.

அவரிடமே யானைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். 'ஃபீல்' என்பார். அந்தச் சொல் அவர் வீட்டில் பிறந்ததன்று. பாரசீகத்தார் யானையைப் 'பீல்' என்றழைத்தனர். 'பல்' என்று நாம் சொல்லும்போது முதலில் எழும் அந்த வல்லொலி அரபு மொழியில் இல்லை. எனவே 'பீல்' அங்கே 'ஃபீல்' ஆயிற்று. கடன் வாங்கிய சொல்!

சிரிக்கத் தோன்றுகிறதா? யானைக்குப் பெயரில்லாத மொழியும் ஒரு மொழியா என்று கேட்கத் தோன்றுகிறதா? பொறுங்கள், தோழர்களே! நம் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

யானை, களிறு, பிடி, வேழம், உம்பல், கைம்மா என்று யானைக்குப் பெயர் சொல்லத் தொடங்கினால் நமக்கும் மூச்சு முட்டும். காடும் மலையும் தந்த செல்வமது. ஆனால் ஒட்டகம்? வடபுலத்தார் 'உஷ்ட்ர' என்றும், பிராகிருத மொழியினர் 'உட்ட' என்றும் வழங்கிய சொல்லின் உறவுதான் நம் 'ஒட்டகம்' என்பது மொழிநூலார் பெரும்பாலோர் முடிவு. தொல்காப்பியத்தின் மரபியலிலேயே இடம்பெற்றுவிட்ட பழஞ்சொல் அது. பழமையானது எனினும் வந்து சேர்ந்ததே. ஏனெனில் அந்த விலங்கும் நம் மண்ணுக்கு வந்து சேர்ந்ததே.

ஆக, ஒட்டகத்தின் நாடு யானைக்குச் சொல் கடன் வாங்கிற்று. யானையின் நாடு ஒட்டகத்துக்குச் சொல் கடன் வாங்கிற்று. இதிலே எவர் உயர்ந்தவர்? எவர் தாழ்ந்தவர்? எந்த மொழிக்கு இழிவு நேர்ந்துவிட்டது?

இந்தக் கேள்வியை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. பிறப்பிலே உயர்வு தாழ்வு கற்பிப்பது அறியாமை என்றும், அறமற்ற செயல் என்றும் முழங்கி வருகிற இயக்கம் நம்முடையது. மாந்தரிடையே குலம் பார்க்கக் கூடாது என்று சொல்லும் நாம், சொற்களிடையே குலம் பார்க்கலாமா? பிறப்பின் தூய்மை என்பது மனிதருக்குப் பொய்யெனில், மொழிக்கு மட்டும் மெய்யாகிவிடுமா? மறுபுறம், எல்லாக் கலப்பும் நன்றே என்று வாளாவிருந்தால், நம் மொழியை விழுங்க வந்த ஆதிக்கத்தையும் 'வாங்கல் கொடுக்கல்' என்று சொல்லி ஏற்க வேண்டி வருமே! இந்த இரண்டுக்கும் நடுவே நேரிய வழி எது? அரபு மொழியில் குடியேறிய அயல்நாட்டு விலங்குகளின் பெயர்களைச் சான்றாக வைத்துக்கொண்டு, அந்த வழியைத் தேடிப் பார்ப்போம்.

எருமையைப் பாருங்கள். அரபு மொழியில் அதற்கு 'ஜாமூஸ்' என்று பெயர். பாரசீகத்தின் 'காவ்மேஷ்' என்ற சொல்லே இப்படித் திரிந்தது. 'காவ்' என்றால் மாடு. 'மேஷ்' என்றால் செம்மறியாடு. எருமை அரபு மண்ணின் விலங்கன்று. சிந்து வெளியிலிருந்து வந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிந்து நாட்டின் ஆளுநர் ஆயிரக்கணக்கான எருமைகளை ஈராக்கிற்கு அனுப்பினார் என்றும், 705 முதல் 715 வரை ஆண்ட கலீஃபா வலீதின் காலத்தில் 4,000 எருமைகள் அந்தியோகியா வழியிலே சிங்கங்களின் தொல்லையைப் போக்கக் கொண்டுசெல்லப்பட்டன என்றும் அல் பலாதூரி என்னும் பழைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். சிங்கத்தை விரட்ட எருமை! எமனுக்கு ஊர்தி என்று நம் நாட்டுப் புராணம் ஒதுக்கி வைத்த எருமை, அங்கே மக்களின் வழிக்காவலுக்குச் சென்றது. இன்றும் தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களில் எருமை வளர்த்துப் பாலும் தயிரும் பாலேடும் விற்று வாழும் மக்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சதுப்பு நிலங்களை அரசே வடித்து உலர்த்தியபோது, அம்மக்கள் எருமைகளோடு இடம்பெயர்ந்து தவித்தனர். 2003-க்குப் பின் நீர் ஓரளவு திரும்பியது. அவர்களிலும் பலர் திரும்பினர். 'ஜாமூஸ்' என்பது அவர்களுக்கு அயற்சொல்லா? அவர்கள் உழைப்பிலும் வியர்வையிலும் ஊறிய சொல்லல்லவா அது!

காண்டாமிருகத்துக்கு 'கர்கத்தன்' என்று பெயர். பாரசீகம் வழியே வந்தது. வேங்கைப் புலிக்கு 'பபர்', அதுவும் பாரசீகமே. மயிலுக்கு 'தாவூஸ்', கிரேக்கர் 'தாஓஸ்' என்று வழங்கிய சொல்லின் வழி வந்தது. விலங்கு எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அல்லது விலங்கைப் பற்றிய செய்தி எவர் வாய்வழியாக வந்ததோ, அந்தத் திசையின் அடையாளம் சொல்லின்மேல் பதிந்திருக்கிறது. கப்பற்சரக்கின்மேல் துறைமுகத்து முத்திரை இருப்பது போல!

சொற்களை வாங்கிய அரபு மொழி, வாங்கியவற்றின் முன் மண்டியிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தனக்கில்லாத ஒலிகளை நீக்கித் தன் ஒலிகளை வைத்துக்கொண்டது. தன் இலக்கணத்தின் அச்சிலே வார்த்தது. 'ஜாமூஸ்' பன்மையில் 'ஜவாமீஸ்' ஆயிற்று. 'தாவூஸ்' பன்மையில் 'தவாவீஸ்' ஆயிற்று. 'ஃபீல்' பன்மையில் 'அஃப்யால்' ஆயிற்று. எல்லாம் அரபு மொழிக்கே உரிய பன்மை வடிவங்கள். எட்டாம் நூற்றாண்டில் அரபு இலக்கணத்தின் அடிப்படை நூலை எழுதிய சீபவைகி, அயற்சொற்களை அரபாக்கும் முறைக்கு அந்நூலில் இடம் தந்தார். அவரே பாரசீகக் குடியிலே பிறந்தவர்! வடசொல்லை எடுக்க நேர்ந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்குக என்று தொல்காப்பியம் வகுத்த நெறியும் இதுபோன்றதுதான். வீட்டுக்கு வருகிறவர் வீட்டின் நெறிக்கு உட்பட வேண்டும் என்பதே இரு மொழிகளும் கண்ட முடிவு.

வாங்கியதை வளர்த்து, அரபு மொழி பிறருக்கு வழங்கவும் செய்தது. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் வழியே அரபு நாடுகளுக்குச் சென்றது. அதிலே யானைக் காய்க்கு 'அல் ஃபீல்' என்று பெயர். அரபு மக்களோடு அந்த ஆட்டம் ஸ்பெயினை அடைந்தது. இன்றும் ஸ்பானிய மொழியில் பலகையின் ஒரு காய்க்கு 'அல்ஃபில்' என்றே பெயர். யானை போகாத ஊருக்கெல்லாம் அதன் பெயர் போய்விட்டது! கடன் வாங்கியவன் நாளை கடன் கொடுப்பவனாகிறான். இதுதான் மொழிகளின் வரலாறு.

இனி, இதைவிட முக்கியமான செய்திக்கு வருவோம். அரபு மொழியை மறைமொழியாகப் போற்றுகிறவர் உலகெங்கும் உள்ளனர். திருக்குர்ஆனின் 105-ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அல் ஃபீல்', அதாவது யானை. எமனை ஆண்ட அபிசீனியனான அப்ரஹா, யானையோடு மக்காவின் மீது படையெடுத்தான் என்ற மரபுச் செய்தியைச் சுட்டுவது அது. தெளிந்த அரபு மொழியில் அருளப்பட்டதாகத் தன்னைச் சொல்லும் மறையில் அயற்சொல் இருக்கலாமா என்ற கேள்வி அந்நாட்டு அறிஞரிடையே பழங்காலத்திலேயே எழுந்தது. அபூ உபைதா என்னும் பேரறிஞர், அயற்சொல் உண்டு என்பது பெரும்பழி என்றார். வேறு சிலர், உண்டு என்றே சாதித்தனர். 838-ஆம் ஆண்டில் மறைந்த காசிம் இப்னு சல்லாம் என்ற அறிஞர் இரு சாராரையும் நோக்கி அமைதியாக ஒரு விடை தந்தார். அச்சொற்கள் பிறப்பால் அயலாருடையவை. அரபு மக்கள் தம் நாவிலே வழங்கித் தம் ஒலியிலே மாற்றிக்கொண்ட பின் அவை அரபுச் சொற்களே. ஆகவே இரு சாரார் கூற்றும் உண்மை என்பது அவர் விடையின் கருத்து.

எவ்வளவு நயமான தீர்ப்பு! வேர் எங்கிருந்தது என்பது ஒன்று. இன்று யாருக்குரியது என்பது வேறொன்று. முதற் கேள்விக்கு வரலாறு விடை கூறட்டும். இரண்டாம் கேள்விக்கு வாழ்க்கை விடை கூறும்.

அதன் பின்னர், பாக்தாதில் வாழ்ந்து 1144 அளவில் மறைந்த அல் ஜவாலிக்கி என்பார், அரபு மொழியில் கலந்த அயற்சொற்களையெல்லாம் அகர வரிசைப்படி தொகுத்து ஒரு நூலே எழுதினார். எகிப்தின் இமாம் சுயூத்தி, 1505-இல் மறைந்தவர், மறையிலேயே உள்ள அயற்சொற்களைத் திரட்டித் தந்தார். இவர்கள் நாத்திகர்கள் அல்லர், இறைப்பற்று மிக்கவர்கள். தம் மொழியின்மீது தணியாத காதல் கொண்டவர்கள். ஆயினும் கடன் கணக்கை மறைக்கவில்லை. மறைத்தால்தான் மொழிக்கு மதிப்பு என்று கருதவுமில்லை.

இந்த நாட்டிலே நடந்தது என்ன? ஒரு மொழியைத் 'தேவபாஷை' என்றார்கள். எல்லா மொழிக்கும் அதுவே தாய் என்றார்கள். அது எவரிடமும் எதையும் பெறவில்லை, எல்லாரும் அதனிடமே பெற்றனர் என்று பாடம் நடத்தினார்கள். 1856-இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதித் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவிய பிறகும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. பரோவும் எமனோவும் 1961-இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டனர். 'மீன்' என்ற நம் சொல்லே வடமொழியில் 'மீன' என்று புகுந்தது என்பது இன்று மொழிநூலார் பலரும் ஒப்பும் செய்தி. கடன் வாங்கியதில் வடமொழிக்கு இழிவில்லை. வாங்கவே இல்லை என்று கூறியதுதான் இழிவு. வாங்கியதை மறைத்து, கொடுத்தவனையே கடனாளி என்று கூறியது பேரிழிவு!

அரபு அறிஞர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இன்னும் ஒன்று உண்டு. பஸ்ரா நகரில் 776 அளவில் பிறந்து 869 அளவில் மறைந்தவர் அல் ஜாகிஸ். எளிய குடியிலே தோன்றியவர். இளமையில் கால்வாய்க் கரையிலே மீனும் ரொட்டியும் விற்றார் என்று வழிவழியாகச் சொல்வர். பகுத்தறிவுக்கு முதன்மை தந்த முஅதஸிலா பிரிவைச் சேர்ந்தவர். விலங்குகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். அதிலே ஒரு வேடிக்கையான வழக்கை எடுத்து ஆராய்கிறார்.

ஒட்டகச்சிவிங்கிக்குப் பாரசீகத்தார் இட்ட பெயர் 'உஷ்துர் காவ் பலங்க்'. ஒட்டகம், மாடு, சிறுத்தை என்ற மூன்று சொற்களின் கூட்டு அது. அந்தப் பெயரைக் கேட்ட சிலர் என்ன செய்தார்கள்? ஒட்டகமும் மாடும் கொடிய விலங்கும் கூடிப் பெற்ற கலப்புப் பிள்ளையே ஒட்டகச்சிவிங்கி என்று முடிவு கட்டிவிட்டார்கள்! பெயரிலிருந்து பிறப்பைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்! ஜாகிஸ் விடவில்லை. பாரசீகத்தார் தீக்கோழியை 'உஷ்துர் முர்க்', அதாவது ஒட்டகப் பறவை என்கிறார்கள். அதனால் அது ஒட்டகத்துக்கும் பறவைக்கும் பிறந்ததாகிவிடுமா? எருமையை 'காவ்மேஷ்' என்கிறார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பிறந்ததா அது? ஒப்புமை கண்டு இட்ட பெயரைப் பிறப்புக்குச் சான்றாக்குவது பிழை என்பதே அவர் வாதம்.

நாமும் அந்த விலங்குக்கு ஒட்டகத்தையும் சிவிங்கியையும் இணைத்தே பெயர் இட்டிருக்கிறோம். கிரேக்கரைப் பின்பற்றி அரபு மொழி 'ஆற்றுக்குதிரை' என்று குறிக்கும் விலங்கை நாம் 'நீர்யானை' என்கிறோம். அது குதிரையுமன்று, யானையுமன்று. பார்த்தவன் தனக்குப் பழகியதைக் கொண்டு புதியதை அளந்தான், அவ்வளவே.

இது விலங்கியல் செய்தி மட்டும்தானா, தோழர்களே? பெயரை வைத்துப் பிறப்பைக் கற்பிக்கும் அந்தச் சூழ்ச்சியை நாம் வேறெங்கும் கண்டதில்லையா? ஒருவன் முகத்திலே பிறந்தான், ஒருவன் தோளிலே பிறந்தான், ஒருவன் தொடையிலே பிறந்தான், ஒருவன் காலிலே பிறந்தான் என்று கதை கட்டி, நான்கு பெயர் சூட்டி, அந்தப் பெயர்களையே சான்றாகக் காட்டி, ஊருக்குள் ஒருவனையும் ஊருக்கு வெளியே ஒருவனையும் குடியேற்றியது யார்? ஒட்டகச்சிவிங்கியின் பெயரிலிருந்து அதன் பெற்றோரைக் கண்டுபிடித்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். சாதிப் பெயரிலிருந்து ஒருவனுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்து நாடு இன்னும் முழுமையாகச் சிரிக்கவில்லை. பஸ்ராவின் மீன் விற்ற பிள்ளை ஒன்பதாம் நூற்றாண்டில் கேட்ட கேள்வியை, இங்கே இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பெயர் இட்டவன் மனிதன். பெயர், இட்டவனின் எண்ணத்துக்குச் சான்று. இடப்பட்டவனின் பிறப்புக்குச் சான்றன்று.

ஜாகிஸே சொன்னாலும் ஆராயாமல் ஏற்கலாகாது என்பதற்கும் அந்த நாட்டு வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு கிடைக்கிறது. காண்டாமிருகத்தின் குட்டி பல்லாண்டு தாய் வயிற்றிலேயே இருக்கும். பசித்தால் தலையை மட்டும் வெளியே நீட்டிப் புல் மேய்ந்துவிட்டு மீண்டும் உள்ளே போய்விடும் என்ற கதை ஜாகிஸின் நூலில் இடம்பெற்றுவிட்டது. பத்தாம் நூற்றாண்டில் அல் மஸ்ஊதி என்னும் வரலாற்றாசிரியர் இதைப் படித்தார். பேரறிஞர் எழுதியது என்று வாய்மூடி இருக்கவில்லை. இந்தியாவுக்குக் கடலோடும் சீராஃப், ஓமன் நாட்டு மக்களை விசாரித்தார். இந்தியாவிலே தாம் கண்ட வணிகரையும் கேட்டார். கேள்வியைக் கேட்டே அவர்கள் வியந்தார்களாம்! மாடும் எருமையும் எப்படிக் கருவுற்று ஈனுகின்றனவோ, அப்படியே அதுவும் என்று சொன்னார்களாம். மஸ்ஊதி அதை அப்படியே எழுதி வைத்தார்.

பெரிய மேதையின் ஏட்டை, பெயர் தெரியாத மாலுமிகளின் சொல் திருத்தியது. ஏனெனில் மேதை கேட்டதை எழுதினார்; மாலுமிகள் கண்டதைச் சொன்னார்கள். நான் சொல்வதாலேயே நம்பிவிடாதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு ஆராயுங்கள் என்று மேடைதோறும் கேட்டுக்கொண்டாரே பெரியார், அந்த நெறியின் அயல்நாட்டு முன்னோடி இது. நம் ஏடுகளுக்கும் இது பொருந்தும். நம் தலைவர்களுக்கும் பொருந்தும்.

பெயரை நம்பினால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு வான்கோழி ஒன்றே போதும். அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோ நாட்டு மக்கள் பழக்கி வளர்த்தது. அரபு மொழியில் அதன் பெயர் 'தீக் ரூமி', அதாவது ரோம நாட்டுச் சேவல். ஆங்கிலேயர் அதைத் 'துருக்கி' என்றார்கள். துருக்கியரோ 'ஹிந்தி' என்றார்கள், இந்தியப் பறவை என்று பொருள்பட! ஒவ்வொருவனும் அடுத்த வீட்டைக் காட்டினான். பறவையை வளர்த்த மெக்சிகோ மக்களின் பெயர் மட்டும் இந்தப் பெயர்களுள் எதிலும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை கங்காருவினுடையது. அரபு மொழியில் அது 'கங்கர்', நமக்கு 'கங்காரு'. 1770-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையிலே குக் என்பாரின் கப்பல் பழுதாகி ஒதுங்கியபோது, அங்கு வாழ்ந்த கூகு யிமிதிர் மொழி பேசும் மக்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட சொல் அது. அரபு உட்பட உலகின் மொழிகளெல்லாம் அந்தச் சிறு மக்கட் கூட்டத்திடம் கடன்பட்டிருக்கின்றன. கடனுக்கு உலகம் தந்த வட்டி என்ன தெரியுமா? ஒரு கேலிக்கதை! 'இது என்ன?' என்று வெள்ளையர் கேட்டனராம். 'தெரியாது' என்று அம்மக்கள் தம் மொழியில் சொன்னதையே பெயரென்று எழுதிக்கொண்டனராம். நாமும் பள்ளிப் பருவத்திலே கேட்டுச் சிரித்த கதைதான். 1970-களில் மொழியறிஞர் ஒருவர் அம்மக்களிடையே சென்று அவர்கள் மொழியைக் கற்று ஆராய்ந்தபோது கதை பொய்யென்று தெளிவாயிற்று. 'கங்குரு' என்பது அம்மொழியில் ஒருவகைக் கங்காருவின் உண்மையான பெயரே. தம் காட்டு விலங்கின் பெயர் தெரியாதவர்களா அவர்கள்? கேட்டவர்களுக்குத்தான் பெயரும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆயினும் 'தெரியாதவர்' என்ற பட்டம் சொல் கொடுத்தவர்களுக்கே சூட்டப்பட்டது. வலியவன் கடன் வாங்கினால், கடன் கொடுத்தவன் பேதை ஆகிவிடுகிறான்! கடனை மறைப்பதைவிடக் கொடியது, கடன் கொடுத்தவனை இழிவுபடுத்துவது.

இப்போது நம் முதற் கேள்விக்குத் திரும்புவோம். கலப்பை ஏற்பதா, மறுப்பதா? அரபு மொழி 'ஃபீல்' என்ற சொல்லை வாங்கியபோது 'ஜமல்' என்ற சொல்லைத் துரத்திவிடவில்லை. 'ஜாமூஸ்' வந்ததால் பசுவைக் குறிக்கும் 'பகரா' வீட்டைவிட்டு வெளியேறவில்லை. வந்த சொல், காலியாயிருந்த இருக்கையிலே வந்தமர்ந்தது. இருந்தவரை எழுப்பிவிட்டு அமரவில்லை. இதுவே உரைகல். நம்மிடமில்லாத பொருளுக்குச் சொல் வந்தால், அது விருந்து. நம்மிடமிருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு, 'உன் சொல் இழிந்தது, என் சொல்லே உயர்ந்தது' என்று கூறிக்கொண்டு வந்தால், அது படையெடுப்பு. 'சொற்பொழிவு' இருக்க 'பிரசங்கம்' ஏன்? 'தலைவர்' இருக்க 'அக்கிராசனர்' ஏன்? 'வணக்கம்' இருக்க 'நமஸ்காரம்' ஏன்? இந்தக் கேள்விகளை எழுப்பி நம் முன்னோர் இருந்த இருக்கையை மீட்டனர். 1938-லும் 1965-லும் தமிழகத்துத் தெருக்களில் எழுந்த முழக்கமும், அயலார் சொல் தீட்டு என்ற முழக்கமன்று. எங்கள் இருக்கையிலிருந்து எங்களை எழுப்பாதே என்ற உரிமைக் குரல்.

அந்தக் குரலின் தூய்மையைக் காப்பது நம் கடமை. காக்கத் தவறும் ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மயிலைக் குறிக்க எபிரேய வேதத்தில் வரும் 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை'யே என்று கால்டுவெல் கருதினார். கிரேக்கரின் 'தாஓஸ்', அரபியின் 'தாவூஸ்' ஆகியவற்றையும் அதனோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. பாரசீகத்துக்கு முன்பே பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் யானைக்குப் 'பீரு' என்ற பெயர் உண்டு. அதன் வேர், திராவிட மொழிகளின் 'பல்' என்ற சொல்லோடு உறவுடையது என்று 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிடுகிறது. கேட்கும்போது நெஞ்சு பூரிக்கிறது. அப்படியானால் அரபு நாட்டாரின் 'ஃபீல்' கூட நம் வீட்டுப் பிள்ளைதானா என்று துள்ளத் தோன்றுகிறது.

அங்கேதான் நம்மை நாமே நிறுத்திக்கொள்ள வேண்டும். இவை கருதுகோள்கள். அறிஞர் எல்லாரும் ஒப்பிய முடிபுகள் அல்ல. ஆராயட்டும், சான்று திரளட்டும், மெய்யென்று நிலைபெற்றால் மகிழ்வோம். அதற்கு முன்னரே, உலகின் சொற்களெல்லாம் தமிழிலிருந்தே பிறந்தன என்று கைப்பேசியிலே பரப்பிக் களிக்கும் இளைஞர்களைக் காண்கிறோம். அவர்கள் தமிழ்ப்பற்று நமக்குத் தெரியும்; அதை மதிக்கிறோம். ஆனால் அன்பர்களே, 'எல்லாம் எங்களிடமிருந்தே' என்ற பல்லவியை முன்பு வேறொருவர் பாடியபோது அதை எதிர்த்து நின்றவர்கள் நாம். பாடகர் மாறிவிட்டதால் பாட்டு மெய்யாகிவிடாது. தேவபாஷை என்ற பொய்யை வீழ்த்தியது நம் உரத்த குரலன்று. நம் கையிலிருந்த சான்று. அந்தச் சான்றை நாமே கைவிட்டால், நாளை எந்த முகத்தோடு பிறருடைய பொய்யைப் பொய்யென்போம்?

தமிழ் பெரிது. அது கொடுத்ததும் மெய், வாங்கியதும் மெய். 'ஒட்டகம்' வாங்கியதால் அது சிறுத்துவிடவில்லை. 'மீன்' கொடுத்ததால் குறைந்துவிடவுமில்லை. மொழியின் பெருமை அதன் பிறப்புச் சான்றிதழில் இல்லை. அதைப் பேசும் மக்களின் உழைப்பில், அறிவில், நேர்மையில் இருக்கிறது. குலப்பெருமை பேசுகிற மனிதனை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, குலப்பெருமை பேசுகிற மொழியையும் அப்படியே பார்ப்போம், அது நம் தாய்மொழியாகவே இருந்தாலும்!

அரபு நாட்டார் யானையைப் பாரசீகச் சொல்லால் அழைக்கட்டும். நாம் ஒட்டகத்தை வடபுலச் சொல்லால் அழைப்போம். ஒருவரையொருவர் சந்திக்கும் நாளிலே, யார் யாரிடம் என்ன பெற்றோம் என்று மறைக்காமல் சொல்லி மகிழ்வோம். கடனைச் சொல்லுகிறவன் தலைகுனிவதில்லை. மறைக்கிறவனே குனிகிறான். சொல்லுக்குக் குலம் இல்லை, தோழர்களே, வரலாறு உண்டு. அந்த வரலாற்றை ஒளிவுமறைவின்றி எழுதும் துணிவு நமக்கு உண்டா என்பதே கேள்வி.